வாட்ஸை எங்கே ஆட வைப்பது? சொதப்பும் ஃபூட்டி வீரருக்கு இடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலிய ஃபூட்டியில், அதாவது காலாலும் கையாலும் ஆடும் அந்த ஊர்க் கால்பந்தில், ஒரு வீரர் நாலு வாரம் தொடர்ந்து சொதப்பினால் போதும், ரசிகர்கள் ஆளுக்கொரு இடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். முன்னால் வேண்டாம், பின்னால் போடு. விங்கில், நடுப்பகுதியின் ஓரத்தில், விட்டுப் பார். உயரம்தான் இருக்கிறதே, ரக் (நடுவர் மேலே போடும் பந்தைக் குதித்துத் தட்டிவிடும் வேலை) ஆடச் சொல். இந்தப் பேச்சுக்குக் கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் தீனி போட்டவர் மெல்பர்ன் கிளப்பின் ஜாக் வாட்ஸ். கிளப்புகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2008-ல், முதல் தேர்வு. 196 சென்டிமீட்டர் உயரம், பந்தை அழகாக உதைக்கும் கால். அவரை ஃபார்வர்டாக ஆட வைத்தார்கள், விங்குக்கு அனுப்பினார்கள், பின்வரிசையில் ஹாஃப் பேக்காக நிறுத்தினார்கள், ரக்கிலும் இறக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு சண்டை. அந்தச் சண்டைகளில் வந்த அதே தவறுகள் இன்றைக்கு வேறு வீரர்களின் பெயரில் வந்துகொண்டிருக்கின்றன.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் செய்யும் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் என்றால் பேட்டிங் வரிசை எண் மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். 2013-ல் ரோஹித் சர்மாவை நடுவரிசையிலிருந்து தொடக்கத்துக்கு ஏற்றியபோதும் அவர் செய்ய வேண்டிய வேலை ரன் அடிப்பதுதான். ஃபூட்டியில் இடம் மாறினால் வேலையே மாறிவிடும். 18 பேர் ஓவல் முழுக்கப் பரவி நிற்கிறார்கள். 2019 முதல், மைதானத்தின் மையத்தில் நடுவர் பந்தை மேலே போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் நேரத்தில் முன்னால் 6, நடுவில் 6, பின்னால் 6 என்று நிற்க வேண்டும் என விதி இருக்கிறது. பந்து மேலே போன அடுத்த நொடி யார் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், ஆஃப்சைடு என்ற பேச்சே கிடையாது. ஆக, ஹாஃப் பேக் என்பது ஆட்டம் தொடங்கும்போது ஒருவர் நிற்கும் இடம், அவ்வளவுதான். ஒரே அணியின் இரண்டு ஹாஃப் பேக்குகளில் ஒருவர் எதிரணியின் துடிப்பான சின்ன ஃபார்வர்டு பின்னாலேயே நாள் முழுக்க ஓடுவார். இன்னொருவர் தன் ஆளை விட்டுவிட்டு, வரும் பந்தை நடுவழியில் மறித்து, அங்கிருந்து தாக்குதலைத் தொடங்கிவைப்பார். "பின்னால் போடு" என்பவர்கள் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது.

அடுத்தது எண்ணிக்கை மயக்கம். திங்கட்கிழமை காலை ஸ்கோர் பட்டியலைத் திறந்து, இவருக்கு 11 டிஸ்போசல் (பந்தை உதைத்தோ கையால் தட்டியோ அனுப்பிய எண்ணிக்கை), அவருக்கு 27 என்று ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவது. பின்வரிசையில் ஆடுபவர்கள் எதிராளி நெருங்காத நேரத்தில் தங்களுக்குள்ளேயே குட்டிக் குட்டியாக உதைத்து மார்க் பிடிப்பார்கள் (உதைத்த பந்தைத் தரையில் படுமுன் பிடிப்பது), அதெல்லாம் கணக்கில் ஏறும். இதற்கு நேர் எதிர், மேலேறி ஆடும் ஹாஃப் ஃபார்வர்டின் பிழைப்பு. பந்து எதிரணியிடம் போனால் அவர் தன் பின்வரிசை வரைக்கும் ஓடி வழியை அடைக்க வேண்டும். பந்து திரும்பக் கிடைத்தால் மறுபடி முன்னால் ஓட வேண்டும். பாதி நேரம் பந்து அவர் தலைக்கு மேலே பறந்துபோகும். டேக்கிள் போட நெருங்குவார், எதிராளி அவசரத்தில் தவறாக உதைப்பான், அந்தப் பந்தைப் பிடித்தவர் பெயர் தலைப்பில் வரும். ஆட்டத்திலேயே அதிகம் ஓடுகிற, நன்றியே கிடைக்காத வேலைகளில் இது ஒன்று. இந்த இடத்துக்கு ஒரு இளம் மிட்ஃபீல்டரை அனுப்பிவிட்டு, பத்து டிஸ்போசல்தான், ஆள் தேறமாட்டான் என்பது அநியாயம். கிறிஸ்டியன் பெட்ராக்கா மெல்பர்னில் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் முன்வரிசையில்தான் ஆடினார். 2020-ல் முழுமையாக மிட்ஃபீல்டுக்கு வந்தார். 2021 இறுதி ஆட்டத்தில் 39 டிஸ்போசல் எடுத்து அந்த ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். முன்வரிசையில் இருந்த ஆண்டுகளை வீண் என்று தள்ளவும் முடியாது. கோலை நோக்கி உடலை வளைத்து உதைக்கும் அந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான் என்பது என் எண்ணம்.

சரி, வாட்ஸுக்கு வருவோம். 2009 ஜூனில் அரசி பிறந்தநாள் விடுமுறை ஆட்டம், எம்சிஜி மைதானம், எதிரே காலிங்வுட். அவருக்கு வயது 18, இன்னும் பள்ளி முடிக்கவில்லை. பந்தைத் தொட்டவுடன் காலிங்வுட் ஆட்கள் கூட்டமாகப் பாய்ந்து அவரைத் தரையில் சாய்த்தார்கள். அந்தக் காட்சி அவரை விட்டுப் போகவே இல்லை. பயப்படுகிறான், உடம்பு மோதும் இடத்துக்கு லாயக்கில்லை, விங்கில் போடுங்கள் என்று பேச்சு கிளம்பியது. உயரமான ஃபார்வர்டுகள் தேறுவதற்கு நாலைந்து ஆண்டு ஆகும் என்பது இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ரக் ஆட்டக்காரர்களுக்கு இன்னும் அதிகம். முப்பது வயது டிஃபென்டரின் தோளோடு மோத, பதினெட்டு வயது உடம்புக்கு வலு கிடையாது, எந்த இடத்தில் நிறுத்தினாலும். வயதின் கோளாறை இடத்தின் கோளாறாக எடுத்துக்கொண்டார்கள்.

டிராஃப்ட் எண்ணும் இதே மாதிரி கண்ணை மறைக்கும். அதே டிராஃப்டில் இரண்டாவது தேர்வாக வெஸ்ட் கோஸ்ட் கிளப்புக்குப் போன நிக் நைட்டனூயி ரக்கில் எகிறிக் குதித்துக் கூட்டத்தைக் கவர்ந்துகொண்டிருந்தார். முதல் தேர்வு என்றால் அதைவிடப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டாமா? அதனால் வாட்ஸ் ஃபுல் ஃபார்வர்டாக நின்று கோல் மழை பொழிய வேண்டும் என்று ஒரு கூட்டம் எதிர்பார்த்தது. அந்த எண்ணைக் கொடுத்தது கிளப். அவர் எந்த வேலைக்குப் பொருத்தம் என்பதை அந்த எண் சொல்லாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வீரரை அணியிலிருந்து பிய்த்தெடுத்துத் தனியாக விவாதிப்பது. ஃபார்வர்டு எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பந்து அவரிடம் வர வேண்டும், வர வேண்டிய விதத்தில் வர வேண்டும். அடுத்த முறை மைதானத்துக்குப் போனால், முடிந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் மேல்தளத்தில் உட்காருங்கள். ஆட்டத்தின் ஒரு கால்பகுதி முழுக்க அந்த ஃபார்வர்டை மட்டும் பாருங்கள். நல்ல அணியில் என்ன நடக்கும் என்றால், நடுவில் ஒருவர் பந்தை எடுத்துத் தலை நிமிர்த்துவார். அதைப் பார்த்ததும் ஃபார்வர்டு தன் டிஃபென்டரை இரண்டு எட்டு தப்பாக இழுத்துவிட்டு சட்டென்று பக்கவாட்டில் ஓடுவார். பந்து அவர் நெஞ்சுக்கு நேராக வரும், மார்க். மோசமான அணியில் நடுவில் இருப்பவர் நெருக்கடியில் திணறி, கண்ணை மூடிக்கொண்டு உயரமாக உதைப்பார். பந்து ஆகாயத்தில் தொங்கும் நேரத்துக்குள் மூன்று டிஃபென்டர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். நாலு பேர் குதிக்கும் இடத்தில் நம் ஆள் ஒருவர். பந்து முஷ்டியில் அடிபட்டு வெளியே போகும். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குக் கடைசி இரண்டு நொடிதான் தெரியும், கேமரா பந்தின் பின்னால் போகிறது. அவர் அதற்கு முன் ஓடிய மூன்று நல்ல ஓட்டங்களும், அவற்றில் ஒன்றைக்கூட உதைத்தவர் பார்க்கவில்லை என்பதும் படத்திலேயே இல்லை. "உயரம் இருக்கிறது, மார்க் பிடிக்கத் தெரியவில்லை" என்று அந்தப் பார்வையாளர் எழுதிவிட்டுப் படுத்துவிடுவார்.

வாட்ஸின் மெல்பர்ன் அப்படிப்பட்ட அணியாகத்தான் இருந்தது. 2011-ல் ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது, பயிற்சியாளர் டீன் பெய்லியின் வேலை போனது. அடுத்து வந்த மார்க் நீல்டு 2013 நடுவிலேயே வெளியேற்றப்பட்டார். அந்த ஆண்டு முழுக்கக் கிடைத்தது இரண்டே வெற்றி. இடைக்காலமாக நீல் கிரெய்க், பிறகு பால் ரூஸ், பிறகு சைமன் குட்வின். ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டம், ஒவ்வொரு திட்டத்திலும் வாட்ஸுக்குப் புது வேலை. ஹாஃப் பேக்கில் நின்றபோது ஓரளவு மிளிர்ந்தார், உதைக்கும் திறமையை அங்கே பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. இதுதான் அவர் இடம் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள்.

ஆனால் அவருடைய சிறந்த கோல் கணக்கு வந்த ஆண்டு 2016. 38 கோல், முன்வரிசையில், இடையிடையே மேக்ஸ் கானுக்கு மாற்றாக ரக்கிலும் ஆடிக்கொண்டு. அப்பாடா, கடைசியில் இடம் கிடைத்துவிட்டது என்றார்கள். அவர் ஆரம்பத்தில் நின்றதும் அதே முன்வரிசைதான். நடுவில் மாறியது மற்றதெல்லாம். நடுவிலிருந்து பந்தை ஒழுங்காக வெளியே எடுக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எதிரணியின் சிறந்த டிஃபென்டரைத் தன் பக்கம் இழுக்க ஜெசி ஹோகன் இருந்தார். வாட்ஸுக்கு 25 வயது. இடம் மாறாமலேயே ஆட்டம் மாறும் என்பதற்கு அந்த ஹோகனே இன்னொரு சாட்சி. மெல்பர்னிலிருந்து ஃப்ரீமான்டில் போய் அங்கே ஒட்டாமல், ஜிடபிள்யூஎஸ் கிளப்புக்கு வந்து, 2024-ல் அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் வாங்கினார். எல்லா ஊரிலும் அவர் உயர ஃபார்வர்டுதான்.

இடமாற்றத்தால் வாழ்க்கையே மாறியவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. காலிங்வுட்டின் டார்சி மோர் ஃபார்வர்டாகத் தொடங்கிப் பின்னால் போனார், 2023-ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். ஹாதார்னின் ஜேம்ஸ் சிசிலி, வெஸ்ட் கோஸ்டின் ஜெரமி மெக்கவர்ன் போன பாதையும் அதுவே. செயின்ட் கில்டாவில் ஃபார்வர்டாக அடிமேல் அடி வாங்கிய பேடி மெக்கார்ட்டின், சிட்னியில் டிஃபென்டராக 2022 இறுதி ஆட்டம் வரை வந்தார். இந்தத் திசையில் மாற்றம் அடிக்கடி பலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃபார்வர்டு பந்தின் வருகையை முன்கூட்டியே ஊகித்து ஓட வேண்டும், பல நேரம் கோலுக்கு முதுகு காட்டிக்கொண்டு. பின்னால் நின்றால் ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே விரியும். பந்து எங்கே விழும் என்று படிக்கத் தெரிந்த உயரமான ஆளுக்கு அது பெரிய வசதி. எதிர்த் திசையிலும் போயிருக்கிறார்கள். டிஃபென்டராக டிராஃப்ட் ஆன ஆரன் நாட்டன், வெஸ்டர்ன் புல்டாக்ஸில் 2019 முதல் முன்வரிசையில் ஆடுகிறார்.

இந்தப் பட்டியலை வைத்துத்தான் வாதமே கெட்டுப்போகிறது. பலித்த ஐந்தாறு பெயர்கள் எல்லோர் நாக்கிலும் இருக்கும். பலிக்காதவர்கள் இரண்டாம் நிலைப் போட்டியான விஎஃப்எல்-லில் ஓர் ஆண்டு ஆடிவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள். அவர்களை யார் உதாரணம் காட்டப் போகிறார்கள்? சிசிலி மாதிரி இவரையும் பின்னால் போடு என்பவரிடம், இவர் உயரப் பந்தைப் படிப்பாரா, தன் ஆளை எப்போது விட வேண்டும் என்று தெரியுமா என்று கேளுங்கள். பின்வரிசை ஒரு சங்கிலி மாதிரி சேர்ந்து நகர்வது. ஒருவர் தப்பான நேரத்தில் ஆளை விட்டால் பக்கத்தில் இருப்பவர் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும். கூடவே, புதியவரைப் போடும் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் எங்கே போவார் என்பதற்கு விவாதத்தில் பதிலே வராது.

இரண்டு ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். அதிலும் 50 புள்ளி பின்தங்கியிருக்கும்போது, பயிற்சியாளர் பலகையில் வீரரின் பெயர்க் காந்தத்தை நகர்த்தி, கடைசிக் கால்பகுதியில் டிஃபென்டரை முன்னால் அனுப்புவார். அவர் தளர்ந்துபோன எதிரணிக்கு எதிராக இரண்டு கோல் அடிப்பார். அதை வைத்து அடுத்த வாரம் முழுக்கப் பேசுவார்கள். உண்மையான சோதனை கோடைக்காலப் பயிற்சியிலும் விஎஃப்எல் ஆட்டங்களிலும், கூட்டமில்லாத மைதானத்தில் நடக்கிறது. அதைப் பார்க்க ஆள் குறைவு.

சில நேரம் பிரச்சினை மைதானத்திலேயே இருக்காது. 2013-ன் முதல் தேர்வான டாம் பாய்டு ஃபார்வர்டா ரக்கா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2016 இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து வெஸ்டர்ன் புல்டாக்ஸின் வெற்றிக்குத் துணைநின்றார். மறு ஆண்டு மனநலக் காரணங்களுக்காக விடுப்பில் போனார், 2019-ல் 23 வயதிலேயே ஓய்வு. வாட்ஸும் 2017 அரசி பிறந்தநாள் ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் காலிங்வுட்டுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார், மெல்பர்ன் 4 புள்ளியில் வென்றது. அந்த ஆண்டு முடிவிலேயே அவரை போர்ட் அடிலெய்டுக்குக் கொடுத்துவிட்டு 31-ஆம் தேர்வை வாங்கிக்கொண்டார்கள். அப்போது நடந்த பேச்செல்லாம் ஆட்டத்துக்கு அவர் தயாராகும் விதத்தைப் பற்றியது. எந்த இடத்தில் நிற்பது என்பதை யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்று, சிறந்த இடம் என்பதை ஒருமுறை கண்டுபிடித்தால் ஆயுளுக்கும் போதும் என்று நினைப்பது. அதே மெல்பர்னின் டாம் மெக்டொனால்டு டிஃபென்டராகப் பல ஆண்டுகள் ஆடினார். 2017-ல் முன்வரிசையில் ஆள் பற்றாமல் போனபோது முன்னால் போனார், 2018-ல் 53 கோல். அப்போது அவரைத் திரும்பப் பின்னால் அனுப்பச் சொன்னால் சிரித்திருப்பார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் சறுக்கல். 2021-ல் ஃபார்வர்டாகவே கோப்பை. 2024-ல் மறுபடி பின்வரிசைக்குப் போனார், அணிக்கு அப்போது அங்கேதான் ஆள் தேவைப்பட்டது.