ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கப் போகிறீர்களா? நுனியிலிருந்து தொடங்குங்கள்

அண்ணன் மகளின் லேப்டாப்பில் விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. திறந்து தூசி எடுத்துத் தாருங்கள் அத்தை என்று கொண்டுவந்து வைத்தாள். அடிமூடியில் பத்து ஸ்க்ரூ, எல்லாம் எள் அளவு. எட்டு சுலபமாக வந்துவிட்டன. ஒன்பதாவதில் கைப்பிடி சுற்றியது, ஸ்க்ரூ அசையவில்லை. கையில் ஒரு மெத்தென்ற உணர்வு. எடுத்துப் பார்த்தால், நுனியின் ஆறு வரிகளும் முறுக்கிய கயிறு போலத் திரும்பியிருந்தன. நூற்றுக்கும் மேல் பிட்கள், அதாவது கைப்பிடியில் மாற்றி மாற்றிச் செருகும் நுனிகள், இருந்த செட் அது. அதில் எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் கைவிட்டது.

அதற்குப் பிறகு நான் செட்டில் எத்தனை பிட் என்று எண்ணிப் பார்த்து வாங்குவதில்லை. எதைப் பார்த்து வாங்குகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மில் பலர் கூட்டல் குறி போன்ற நாலு பக்க நுனியையே ஸ்டார் என்கிறோம். அது பிலிப்ஸ். இங்கே நான் பேசுவது ஆறு முனை உள்ள நட்சத்திர நுனியைப் பற்றி. அதன் பெயர் டார்க்ஸ். 1967-ல் அமெரிக்காவின் கேம்கார் டெக்ஸ்ட்ரான் நிறுவனம் உருவாக்கியது. இப்போது ஐஎஸ்ஓ 10664 என்ற தரநிலை அதன் அளவுகளை வரையறுக்கிறது. அளவைக் குறிக்க டி என்ற எழுத்தோடு ஓர் எண் போடுவார்கள்: டி5, டி8, டி25. வாங்கும்போது "ஸ்டார்" என்று மட்டும் கேட்காமல் "டார்க்ஸ்" என்று கேளுங்கள். இல்லையென்றால் பிலிப்ஸ் செட் ஒன்று கைக்கு வந்து சேரும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தானே புரிந்துவிடும். பிலிப்ஸ் நுனி கூம்பாகச் சரிந்திருக்கும். விசை கூடினால் அந்தச் சரிவே டிரைவரை மேலே தள்ளிவிடும். அதனால்தான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டியிருக்கிறது. டார்க்ஸில் சுவர்கள் நேர்ச்செங்குத்து. மேலே தள்ளச் சரிவே இல்லை. நாம் கொடுக்கும் விசை கிட்டத்தட்ட முழுவதும் ஸ்க்ரூவைச் சுற்றவே போகிறது. நல்லதுதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மட்டமான பிலிப்ஸ் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். மட்டமான டார்க்ஸுக்குத் தப்பிக்க வழியில்லை. விசை முழுவதையும் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் நுனியே தாங்கியாக வேண்டும். தாங்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் உடையும். உடைந்த துண்டு ஸ்க்ரூவின் குழிக்குள் மாட்டிக்கொண்டால் பாடு பெரும்பாடு.

ஆகவே நுனியைப் பாருங்கள். கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. நான் பார்ப்பது மூன்று இடங்கள். ஒன்று, நுனியின் முகம். அது தட்டையாக, விளிம்பு கூராக முடிய வேண்டும். தீக்குச்சி மருந்து போல உருண்டு முடிந்திருந்தால் வேண்டாம். சிறிய ஸ்க்ரூக்களின் குழி ஆழம் மிகக் குறைவு. நுனியின் முதல் கால் மில்லிமீட்டர் உருண்டு வீணாகிவிட்டால், பிடிக்க மிச்சம் என்ன இருக்கிறது? இரண்டாவது, ஆறு வரிகளும் ஒரே பருமனில், தண்டுக்கு நேராக ஓடுகின்றனவா என்பது. புதுச் செட்டிலேயே ஒரு முனை தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, பூச்சு. பளபளவென்ற குரோம் முலாம் நுனியின் பள்ளங்களில் தடிப்பாகப் படிந்திருந்தால் அளவு கெட்டுப்போகும். பிறகு செதில் செதிலாக உரிந்து, திறந்து வைத்த சர்க்யூட் போர்டு மீது விழும். தண்டில் முலாம் இருக்கட்டும். நுனி கறுப்பாகவோ முலாம் இல்லாமலோ இருப்பதையே நான் எடுப்பேன்.

அடுத்து எஃகு. பெட்டி மேல் குரோம் வனேடியம் என்றோ எஸ்2 என்றோ எழுதியிருக்கும். எஸ்2 என்பது அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உள்ள கருவி எஃகு வகை. சரியாகச் சூட்டுப் பதம் செய்த எஸ்2 பிட்கள், உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில், பொதுவாக 58 முதல் 62 வரை இருக்கும். குரோம் வனேடியம் அதைவிடச் சற்று மென்மை. பெரிய அளவுகளுக்கு அது தாராளமாகப் போதும். டி8-க்குக் கீழே என்றால் நான் எஸ்2 அல்லது அதற்கு இணையானதைத்தான் தேடுவேன். ஆனால் ஒன்று, பெயர் மட்டும் காப்பாற்றாது. ஒரே எஃகைப் பதம் தப்பிச் சூடாக்கினால் மென்மையாகவும் வரும், கண்ணாடி போல முறியவும் செய்யும். எந்த எஃகு என்று ஓரிடத்திலும் சொல்லாமல் "உயர்தர உலோகம்" என்று மட்டும் அச்சிட்ட பெட்டியை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அளவுகளுக்கு வருவோம். எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. எதிரெதிர் முனைகளுக்கு இடையே டி5 சுமார் 1.4 மி.மீ., டி6 1.7, டி7 2.0, டி8 2.3. அதாவது ஒரு படிக்குக் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான். டி7 இல்லாத செட்டில் டி6 போட்டுப் பார்ப்போம், உள்ளே போகும், லேசாக ஆடும், "பரவாயில்லை" என்று தோன்றும். அந்தப் பரவாயில்லையில்தான் குழியின் ஆறு மூலையும் மழுங்கிப் போகும். பெரிய செட்களில்கூட டி7, டி9, டி27 மூன்றும் அடிக்கடி விடுபட்டிருக்கும். வாங்கும் முன் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று குறிப்பாகப் பாருங்கள். ஒரு செட்டை அக்கறையோடு அடுக்கியவர்களா, எண்ணிக்கை காட்ட அடுக்கியவர்களா என்பதை இந்த ஒரு சோதனை எனக்குச் சொல்லிவிடுகிறது.

எல்லா அளவும் எல்லாருக்கும் வேண்டியதில்லை. மெல்லிய லேப்டாப்களின் மூடிகளில் டி5 அதிகம். மடக்குக் கத்திகளில் டி6, டி8. கணினி ஹார்டு டிஸ்க் மூடிகளில் பெரும்பாலும் டி6 முதல் டி8 வரை. சைக்கிளின் டிஸ்க் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்களும் டி25. மரவேலை ஸ்க்ரூக்களில் டி20, டி25. ஸ்டில் (Stihl) நிறுவனத்தின் சங்கிலி ரம்பங்களுக்கு டி27 இல்லாமல் கை வைக்கவே முடியாது. கார் சீட் பெல்ட் போல்ட் என்றால் டி50 போன்ற பெரிய அளவுகள். மின்னணுச் சாதனம் மட்டும் பழுது பார்ப்பவருக்கு டி3 முதல் டி10 வரை விடாமல் இருந்தால் போதும். சைக்கிளும் வீட்டுச் சாமானும் என்றால் டி10 முதல் டி30 வரை.

சில ஸ்க்ரூக்களின் குழி நடுவில் ஒரு சிறு குச்சி நிற்கும். தெரியாதவர்கள் திறக்கக் கூடாது என்று வைத்தது அது. அதற்கு நுனியில் துளை உள்ள பிட் வேண்டும். டிஆர் என்று குறித்திருக்கும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் வருவது டிஆர்8. துளையுள்ள நுனி சாதாரண ஸ்க்ரூவிலும் பொருந்தும் என்பதால், பல செட்களில் எல்லா நுனிகளையுமே துளை போட்டுத் தந்துவிடுகிறார்கள். இது எனக்குப் பிடிக்காத பழக்கம். டி6 போன்ற சின்ன நுனியில் துளையும் போட்டால் சுற்றிலும் மிஞ்சுவது தாள் போன்ற சுவர்தான். என்னிடம் அன்று முறுக்கிக்கொண்ட டி5-ம் துளை போட்டதே. சிறிய அளவுகளில் துளையில்லாத திட நுனியை வாங்குங்கள். டிஆர் வேண்டுமென்றால் தனியாக இரண்டு மூன்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறு முனை என்று நினைத்து ஐந்து முனையில் கை வைத்துவிடாதீர்கள். ஐபோனின் அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் ஐந்து இதழ் கொண்ட பென்டலோப், 0.8 மி.மீ. அளவு. டார்க்ஸ் அதில் சரியாக உட்காராது. குறிப்பில் பி2, பி5 என்று வரும். பி5-ஐ டி5 என்று வாசித்துவிட்டு வாங்கியவர்கள் உண்டு. டார்க்ஸ் பிளஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது, ஐபி என்று குறிப்பார்கள். முனைகள் சற்றுச் சதுரமாக இருக்கும். சாதாரண டார்க்ஸ் அந்த ஸ்க்ரூவுக்குள் கொஞ்சம் தளர்வாகப் போகும். ஆனால் ஐபி டிரைவர் சாதாரண டார்க்ஸ் ஸ்க்ரூவுக்குள் போகாது. பெட்டியில் ஐபி என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

மாற்றிப் போடும் பிட்டா, தனித்தனி டிரைவரா? இரண்டிலும் நல்லவை உண்டு. பிட்கள் பெரும்பாலும் இரண்டு பருமனில் வருகின்றன. மெல்லிய வேலைக்கு 4 மி.மீ. அறுகோணத் தண்டு, கனமான வேலைக்கு 6.35 மி.மீ. டி20-க்கு மேலே 4 மி.மீ. பிட்டை நம்பாதீர்கள்; தண்டும் கைப்பிடியும் அந்த விசைக்குச் செய்தவை அல்ல. பிட்டில் இன்னொரு சிக்கல், அதைப் பிடித்திருக்கும் குழல் நுனியைவிடத் தடிமன். விரல் நீளத்துக்கு உள்வாங்கிய குழியின் அடியில் ஸ்க்ரூ இருந்தால் குழல் வாயிலேயே முட்டி நின்றுவிடும். அதனால் நான் அதிகம் கை வைக்கும் டி5, டி6, டி8 மூன்றையும் தனி டிரைவராக வைத்துக்கொண்டேன், மற்றவை பிட்கள். பிட் செட்டே வாங்குவதென்றால், குழலில் பிட்டைச் செருகிவிட்டு விரலால் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆடுவது நுனியில் இன்னும் அதிகமாக ஆடும்.

கைப்பிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சிறிய அளவுகளுக்குப் பேனா பருமன், தலையில் தனியாகச் சுழலும் தொப்பி. ஆள்காட்டி விரல் தொப்பியில் நிற்க, கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றும். டி4-க்குத் தடித்த கைப்பிடி போட்டால் நம்மை அறியாமல் விசை கூடிப்போய் ஸ்க்ரூ முறியும்.

வாங்கி வந்ததும் ஒரு சோதனை. என் மாமா பழைய டேப் ரெக்கார்டர்களைப் பிரித்து மாட்டியவர். ஸ்க்ரூடிரைவரை அவர் கடைசிவரை திருப்புளி என்றே சொன்னார். "திருப்புளியை ஸ்க்ரூவில் வைத்துவிட்டுக் கையை எடு. நிற்கிறதா பார்" என்பார். டார்க்ஸுக்கு அது அப்படியே பொருந்தும். பழைய சாதனம் ஒன்றை எடுத்து, அதன் ஸ்க்ரூவில் நுனியை நேராக இறக்குங்கள். அழுத்தாமலேயே அடிவரை இறங்க வேண்டும். கையை எடுத்தால் சாயாமல் நிற்க வேண்டும். பிறகு லேசாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ அசையும் முன் கைப்பிடி எவ்வளவு வெறுமனே திரும்புகிறது? கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு என்றால் சரி. கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகரும் தூரம் ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காந்தம் ஏற்றிய நுனி என்றால் நிற்பதை மட்டும் நம்ப வேண்டாம், காந்தமே பிடித்து நிறுத்தும். இந்த ஆட்டச் சோதனையைச் செய்யுங்கள்.

பெயர் கேட்பவர்களுக்காக: ஜெர்மனியின் விஹா, வேரா, சுவிட்சர்லாந்தின் பிபி சுவிஸ், ஜப்பானின் வெசல். இவை நுனி விஷயத்தில் என்னைக் கைவிட்டதில்லை. இந்தப் பெயர்களில் போலிகளும் சுற்றுகின்றன. அதனால் பெயரைப் பார்த்த பிறகும் நுனியைப் பாருங்கள்.

அந்த ஒன்பதாவது ஸ்க்ரூ என்ன ஆனது என்றால், நல்லவேளையாக அதன் குழி கெடவில்லை; நுனிதான் மென்மை. ஸ்க்ரூ தானே கழன்றுவிடாமல் இருக்க மரையில் நீலப் பசை பூசியிருந்ததால் இறுகியிருந்தது. சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவின் தலை மேல் சில விநாடி மட்டும் வைத்தேன். அடியில் பேட்டரி இல்லாத மூலை அது. இருந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன். பசை இளகியது. நண்பரிடம் வாங்கி வந்த திட நுனி டி5-ஐ இறக்கி, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பி, அப்புறம் கழற்றும் பக்கம் திருப்பினேன். டிக்கென்று ஒரு சத்தம், வந்துவிட்டது. இறுகிய ஸ்க்ரூ எதற்கும் இந்த வரிசைதான்: குழியில் உள்ள அழுக்கை ஊசியால் சுரண்டி எடுப்பது, நுனியை அடிவரை இறக்குவது, இறுக்கித் தளர்த்துவது.

பெட்டிக்குள் ஒவ்வொரு பிட்டின் அருகிலும் அளவு அச்சிட்டிருக்க வேண்டும், பிட்டின் உடம்பிலும் இருக்க வேண்டும். பிட்டில் எழுத்து மங்கிவிட்டால் டி6-ம் டி7-ம் கண்ணுக்கு ஒன்றுதான். நான் நகச்சாயத்தால் டி5-க்குச் சிவப்பு, டி6-க்கு நீலம், டி7-க்கு வெள்ளை என்று அடியில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் நுனியைத் துணியால் துடைத்து, காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளை ஒட்டு நாடாவால் எடுத்துவிடுவேன். மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து வரிகள் நேராக ஓடுகின்றனவா என்று பார்ப்பேன். லேசாகத் திரும்பியிருந்தாலும் அந்த நுனியின் காலம் முடிந்தது, குப்பைக்குத்தான். இந்தக் காரணத்துக்காகவே, பிட்களை ஒவ்வொன்றாகத் தனியே விற்கும் செட்டாகத் தேடி வாங்குங்கள். சீக்கிரம் தேய்வது சிறியவைதான். டி5, டி6 இரண்டிலும் கூடுதலாக ஒன்று எப்போதும் என் பெட்டியில் இருக்கும்.