பெட்டியைத் திறக்கும் முன் கால் மணி நேரம்: மொரீஷியஸ் விடுமுறை வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

ஊரிலிருந்து கிளம்பும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கடற்கரை பற்றி. நான் சொல்வது மெத்தை பற்றி. மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் குடியிருக்கும் நானே ஏமாந்திருக்கிறேன். அத்தையும் மாமாவும் தஞ்சாவூரிலிருந்து வந்தபோது வடக்குக் கடற்கரையில் மூன்று இரவுக்கு வீடு எடுத்தோம். படத்தில் பளபளவென்று இருந்தது. மறுநாள் காலை அத்தையின் முழங்கையில் வரிசையாக மூன்று தடிப்பு, மூட்டைப்பூச்சிக் கடி. வீட்டுக்காரரை அழைத்தால் "பேனா ப்ரோப்ளெம்" என்றார். இந்தத் தீவில் பேசும் கிரியோல் மொழியில் 'பேனா' என்றால் 'இல்லை'. அவர் எதற்குப் பேனா கேட்கிறார் என்று அத்தை என்னைப் பார்த்தார். "பூச்சி உங்கள் பெட்டியில்தான் வந்திருக்கும்" என்றும் வீட்டுக்காரர் சொன்னார். துணியெல்லாம் பரப்பி ஒரு ராத்திரி தூங்கியும் விட்டோம். என்ன பதில் சொல்ல?

அதனால் சாவி வாங்கியதும் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் பெட்டிகளைக் குளியலறையில் வையுங்கள். வெறும் ஓடுதான், பூச்சி ஒளிய இடம் குறைவு.

அடுத்தது மெத்தை. போர்வையை விலக்கினால் போதாது, விரிப்பின் மூலையை உருவுங்கள். ஓரத் தையலை இரண்டு விரலால் பிரித்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். பேனா முனையால் தொட்டு வைத்தாற்போல் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். ஈரத்துணியால் துடைத்தால் பழுப்பாக இழுபடும். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர், துவரம்பருப்பு அளவு. தலைமாட்டுப் பலகையின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். நாங்கள் எடுத்த வீட்டில் அங்கேதான் அவற்றின் குடித்தனமே நடந்தது.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஆராயவே வேண்டாம், குப்பையில் போடுங்கள். பத்திருபது ரூபாய்க் காரியம். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பை விரித்துப் பாருங்கள். கடலோர ஈரத்தில் கறுப்புப் பூசணம் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஃபிரிட்ஜை அப்போதுதான் போட்டார்கள் என்றால் 5 டிகிரிக்கு இறங்கச் சில மணி நேரமாவது ஆகும், அதற்குள் மீன் வாங்கி வைக்காதீர்கள். வெட்டுப்பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடையில் ஜாவெல் என்று கேட்டால் கிடைக்கும் ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வினிகரோ கழிப்பறை ஆசிடோ அதில் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

பால்கனியில் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள். 2005-06இல் பக்கத்துத் தீவான ரீயூனியனையும் இந்தத் தீவையும் படுத்திய சிக்குன்குனியா, இப்படித் தேங்கிய தண்ணீரில் வளரும் ஏடிஸ் கொசுவால் வந்ததுதான்.

வெளியே சாப்பிடுவது தனிக் கதை. ஆர்டர் கொடுக்கும் முன் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். அங்கே சோப்பு இல்லை என்றால் சமையல்காரர் எதைக் கொண்டு கை கழுவுகிறார்? பஃபேயில் குழம்பிலிருந்து ஆவி வரவில்லை என்றால் நான் தொடமாட்டேன். 60 டிகிரிக்குக் கீழே ஆறிய சோறும் கறியும் கிருமிக்கு விருந்து. இதற்குப் பருப்பை உள்ளே வைத்துச் சுடும் தெருவோர தால் பூரியே மேல் என்பேன், கூட்டத்தால் பூரி ஆறவே நேரமில்லை. பணம் வாங்கும் கை பூரியைத் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, மெத்தையில் ஏதோ தட்டுப்பட்டது. போன் பேசாதீர்கள், எழுதுங்கள். படம் எடுத்து, வந்த நேரத்தைக் குறிப்பிட்டு, பதிவு செய்த தளத்தின் வழியாகவே அனுப்புங்கள். விரிப்பு மாற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வேறு அறை கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கேட்டால் பழியை உங்கள் தலையில் கட்டுவது கஷ்டம். சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீட்டுக்குச் சுற்றுலா ஆணையத்தின் அனுமதி வேண்டும். பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வைத்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஏற்கெனவே தூங்கிவிட்டீர்களா? துணிகளைப் பையில் கட்டி, வீடு திரும்பியதும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெந்நீர் ஆகாததை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்கலாம். அத்தையின் பட்டுப்புடவை அப்படித்தான் என் ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.