நியூமேட்டிக் சிலிண்டரை இணைத்து வேகத்தைச் சீராக்குவது எப்படி?

காற்றழுத்தத்தில் இயங்கும் இயந்திரத்தில் விசையைத் தீர்மானிப்பது அழுத்தம். வேகத்தைத் தீர்மானிப்பது காற்று பாயும் அளவு. சிலிண்டர் வேகமாகப் பாய்ந்தால் புதியவர்கள் பலரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத்தான் குறைக்கிறார்கள். அப்போது விசையும் சேர்ந்து குறைவதால், சுமையுள்ள பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிடக்கூடும்.

படி 1: விசையைக் கணக்கிடுங்கள். உள்விட்டம் 50 மி.மீ. உள்ள சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 1,963 சதுர மி.மீ. ஆகும். 6 பார் அழுத்தம் என்பது சதுர மி.மீ.க்கு 0.6 நியூட்டன் என்பதால், வெளியே தள்ளும் விசை சுமார் 1,178 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 120 கிலோ எடைக்குச் சமம். உள்ளே இழுக்கும்போது, பிஸ்டனோடு இணைந்த 20 மி.மீ. விட்டமுள்ள ராடு (தண்டு) பரப்பில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்வதால், 990 நியூட்டன் அளவே கிடைக்கும். உராய்வும் எதிரழுத்தமும் இதில் பங்கு கேட்கும். ஆகவே, அசையும் சுமையைக் கணக்கில் வரும் விசையில் பாதிக்குள் வைப்பதே என் வழக்கம்.

படி 2: காற்றை அடைத்து, குழாயில் மிஞ்சியதை வெளியேற்றிய பிறகே டியூப்களில் கை வையுங்கள். ஃபில்டர், ரெகுலேட்டர், அதன்பின் ஒற்றைச் சாலினாய்டு 5/2 வால்வு (ஒரே மின்காந்தச் சுருளால் இயங்கும், ஐந்து துளைகளும் இரண்டு நிலைகளும் கொண்ட வால்வு) என்பதே வரிசை. வால்வின் 1ஆம் துளைக்குக் காற்று வர வேண்டும். 4ஆம் துளையைச் சிலிண்டரின் பின்முனைக்கும், 2ஆம் துளையை ராடு பக்கத்துக்கும் இணைத்தால், மின்சாரம் இல்லாதபோது ராடு உள்ளேயே இருக்கும். காற்று வெளியேறும் 3, 5 துளைகளில் சைலன்சர் பொருத்துங்கள்.

படி 3: வேகக் கட்டுப்பாட்டு வால்வுகளைச் சிலிண்டரின் இரு துளைகளிலும், உள்ளே வரும் காற்றை அல்லாமல் வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்தும் வகையில் பொருத்துங்கள். வெளியேறும் காற்று தடைபடும்போது பிஸ்டனின் இருபுறமும் அழுத்தம் நிலைத்து, அது சீராக நகர்கிறது. உள்வரும் காற்றை நெருக்கினாலோ, நின்று நின்று குதிக்கும்.

படி 4: வேகத் திருகாணிகளை முழுதும் மூடி, ஒரு சுற்று மட்டும் திறந்து, 3 பாரில் சோதனையைத் தொடங்குங்கள். எதிர்ப்பக்கத்தில் காற்று இல்லாத முதல் ஓட்டத்தில் பிஸ்டன் திடீரெனப் பாயும் என்பதால், அருகில் கை இருக்கக் கூடாது. பிறகு தேவையான அழுத்தத்துக்கு ஏற்றி, வேகத்தைச் சரிசெய்யுங்கள். முனையில் பிஸ்டன் மோதும் 'டக்' ஓசை அடங்கும்வரை குஷன் திருகாணியை (முனையில் பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கும் திருகாணி) சிறிது சிறிதாக இறுக்குங்கள். முனையைத் தொடுமுன் பிஸ்டன் பின்வாங்கித் துள்ளினால், அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள், கால் சுற்று தளர்த்துங்கள்.