ஸ்மார்ட் ஸ்பீக்கர்: பெயர் வைப்பதில்தான் பாதி வேலை

ஸ்மார்ட் ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்த முதல் வாரம் எல்லாரும் அதனிடம் ஜோக் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அடுத்த வாரம் பாட்டு. மூன்றாவது மாதத்தில் அது பேசத் தெரிந்த கடிகாரமாக மட்டும் அலமாரியில் நிற்கும். விளக்கைப் போடச் சொல்லி இரண்டு முறை கத்தியிருப்போம், அதற்குப் புரிந்திருக்காது, எழுந்து போய் நாமே சுவிட்சைப் போட்டிருப்போம். இந்தச் சலிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கருவி அல்ல. அறைக்கும் விளக்குக்கும் நாம் வைத்த பெயர். ஆகவே மற்றவற்றை வேகமாகக் கடந்து, அந்த இடத்தில் மட்டும் சற்று உட்காரப் போகிறேன்.

எது வாங்கலாம்?

அமேசான் எக்கோ 2014இல் வந்தது, கூகுள் ஹோம் 2016இல், ஆப்பிள் ஹோம்பாட் 2018இல். மூன்றும் இன்று அடிப்படை வேலைகளை ஒழுங்காகவே செய்கின்றன. உங்கள் நாள்காட்டியும் பாடல் சந்தாவும் எந்த நிறுவனத்தின் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் போவது எளிது. ஹோம்பாடை அமைக்க ஐபோன் அல்லது ஐபேட் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஸ்பீக்கர் சொல்படி கேட்கும் ஸ்மார்ட் பல்ப், ஸ்மார்ட் பிளக் (சுவர் சாக்கெட்டுக்கும் பொருளுக்கும் நடுவே செருகுவது) வாங்கும்போது பெட்டியில் ‘மேட்டர்’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2022இல் வெளியான பொதுத் தரம் அது. நாளைக்கு ஸ்பீக்கரை மாற்றினாலும் பல்ப் வீணாகாது.

படி 1: இடம்

சுவரிலிருந்தும் சன்னலிலிருந்தும் ஒரு சாண் அளவாவது, அதாவது 20 செ.மீ., தள்ளி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மைக்கைக் குழப்பும். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்வதால் ஸ்பீக்கரை அந்த அடுப்புக்கு அருகே வைக்க வேண்டாம். தொலைக்காட்சிக்குப் பக்கத்திலும் வேண்டாம். 2017இல் பர்கர் கிங் நிறுவனம் ஒரு விளம்பரத்தில் வேண்டுமென்றே கூகுள் ஸ்பீக்கரின் அழைப்புச் சொல்லான “ஓகே கூகுள்” என்பதைச் சொல்லவைத்து, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் ஸ்பீக்கர்களை எழுப்பிவிட்டது. யாருடைய குரலுக்கும் அது எழும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

படி 2: இணைப்பு

மின்னிணைப்பைக் கொடுத்துவிட்டு, கைபேசியில் அந்த நிறுவனத்தின் செயலியை நிறுவுங்கள். ப்ளூடூத்தும் இருப்பிட அனுமதியும் இயங்க வேண்டும். எக்கோவில் ஆரஞ்சு ஒளி சுழன்றால் அது அமைப்புக்குத் தயார் என்று பொருள். செயலி கேட்கும் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். முடியவில்லையென்றால், கைபேசி ‘விருந்தினர்’ நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ரவுட்டர்களில் அந்த நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது.

படி 3: பல்பும் பிளக்கும்

இவை கட்டாயம் இல்லை. டைமர், அலாரம், நினைவூட்டல், பொருள்பட்டியல் ஆகியவற்றுக்கு ஸ்பீக்கர் மட்டுமே போதும். கை ஈரமாக இருக்கும்போது “ஐந்து நிமிட டைமர்” என்று சொல்ல முடிவதே எனக்கு இந்தக் கருவியின் முதல் பயன், மற்றதெல்லாம் பிறகுதான்.

விளக்கும் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். வைஃபை பல்ப், பிளக் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரவுட்டரில் அது அணைந்திருந்தால் எத்தனை முறை முயன்றாலும் சேராது. அடுத்து, ஸ்மார்ட் பல்பு போட்ட பிறகு சுவர் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். மின்சாரமே வந்து சேராத பல்புக்குக் காது எங்கிருந்து வரும்? வீட்டில் ஒருவர் பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைப்பார், இன்னொருவர் ஸ்பீக்கரைத் திட்டுவார். சுவிட்சின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுவது குடும்ப அமைதிக்கு உதவும்.

மூன்றாவது பிளக் பற்றியது. அழுத்தினால் அப்படியே நிற்கும் சுவிட்ச் உள்ள பொருளுக்கே அது பொருந்தும். மின்சாரம் வந்ததும் மறுபடி ஒரு பொத்தானைத் தொட்டால்தான் ஓடும் என்றிருக்கும் மின்விசிறியைப் பிளக்கில் சேர்த்துப் பயனில்லை. பிளக்கில் எழுதியிருக்கும் ஆம்பியர் எண்ணை வோல்டேஜால் பெருக்கினால் அது தாங்கும் வாட் கிடைக்கும். அந்தக் கணக்கு ஒத்துவந்தாலும் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்ற சூடாகும் பொருள்களை ஆளில்லாத அறையில் குரலால் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் தவறாகக் கேட்பது அபூர்வம் அல்ல.

படி 4: பெயர்

இங்கேதான் நான் முதலில் கோட்டைவிட்டேன். படுக்கையறையில் இரண்டு விளக்குகள்: ஒன்றுக்கு ‘பெட்ரூம் லைட்’, மற்றொன்றுக்கு ‘பெட் லைட்’. நள்ளிரவில் பின்னதைப் போடச் சொன்னேன். முன்னது முழு வெளிச்சத்தோடு எரிந்தது. பதற்றத்தில் “எல்லா விளக்கையும் அணை” என்பதற்குப் பதிலாக எதையோ உளற, வீடு முழுவதும் பகலாகிவிட்டது. வீட்டார் அன்று சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

அதிலிருந்து கற்றவை: இரண்டு பெயர்கள் ஒரே சொல்லில் தொடங்கக் கூடாது. ‘லைட் 1’, ‘லைட் 2’ வேண்டவே வேண்டாம். எது ஒன்று, எது இரண்டு என்பது ஒரு வாரத்தில் நமக்கே மறந்துவிடும். அறையின் பெயரும் விளக்கின் பெயரும் ஒன்றாக இருக்கக் கூடாது. விளக்கை அது நிற்கும் இடத்தை வைத்தோ உருவத்தை வைத்தோ அழையுங்கள்: ‘மூலை’, ‘மேசை’, ‘நிலா’ என்பதுபோல. வீட்டிலுள்ள வயதானவர் முதல் நாளே தடுமாறாமல் சொல்லும் பெயர் எதுவோ அதுவே சரியான பெயர்.

ஆனால் தமிழ்ப் பெயர் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பீக்கரின் மொழி ஆங்கிலம் என்று இருந்தால், நாம் சொல்லும் எந்த ஒலியையும் அது தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்றாகத்தான் கேட்கப் பார்க்கும். முதலில் செயலியின் மொழிப் பட்டியலைத் திறந்து என்னென்ன மொழிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருந்தால் ழகரமும் ளகரமும் உள்ள பெயர்களைத் தவிர்க்கலாம். அல்லது என் குறுக்குவழியைப் பின்பற்றலாம்.

எக்கோ, கூகுள் செயலிகளில் குரல் வரலாறு என்றொரு பக்கம் இருக்கும். நீங்கள் சொன்னதை அது எப்படிக் கேட்டது என்பது அங்கே எழுத்தாகவே கிடைக்கும். நான் ‘மூலை’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அதன் காதில் ‘மூலி’ என்றே விழுந்திருந்தது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று செயலியில் விளக்கின் பெயரை அது கேட்டபடியே, அதே எழுத்துகளில் மாற்றினேன். நான் ‘மூலை’ என்கிறேன், அது ‘மூலி’ என்று கேட்கிறது, விளக்கு எரிகிறது. இருவரும் சண்டையில்லாமல் வாழ்கிறோம். ஒரு சொல்லை நாள்தோறும் வெவ்வேறு விதமாகக் கேட்டால் இந்த வழி பலிக்காது. அப்போது பெயரைத்தான் மாற்ற வேண்டும்.

பெயர் வைத்ததும் இன்னொரு வேலை. செயலியில் ‘படுக்கையறை’ என்றொரு அறையை உருவாக்கி, அங்குள்ள விளக்குகளோடு அந்த அறையின் ஸ்பீக்கரையும் அதில் சேருங்கள். இனி அங்கே நின்று “டர்ன் ஆஃப் தி லைட்ஸ்” என்றாலே போதும்; அந்த அறை விளக்குகள் மட்டும் அணையும். பெயரே சொல்ல வேண்டாத பெயர்தான் மிகச் சிறந்த பெயர்.

படி 5: ரொட்டீன்

ஒரு சொல்லுக்குப் பல வேலைகளைக் கட்டிவைப்பது ரொட்டீன். “குட் நைட்” என்றால் விளக்குகள் அணைந்து, காலை அலாரம் அமைந்து, ஒலி குறைய வேண்டும் என்று செயலியில் வரிசையாகச் சேர்க்கலாம். தூண்டுவது குரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குறிப்பிட்ட நேரமாகவோ சூரியன் மறையும் வேளையாகவோ இருக்கலாம். ஒரே நாளில் பத்து உருவாக்காதீர்கள். ஒன்று போதும், அது ஒரு வாரம் பிசகாமல் ஓடிய பிறகு அடுத்தது.

படி 6: அதன் காதை மூடுவது

மைக் எப்போதும் விழித்திருக்கும். ஆனால் அழைப்புச் சொல்லைக் கருவியே தனக்குள் அடையாளம் காண்கிறது. அதைக் கேட்ட பிறகு பேசுவதே பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. வேறு சொல்லை அழைப்பென்று தவறாக எடுத்துக்கொண்டால் அப்போதும் பதிவாகும். எனவே குரல் வரலாற்றை அவ்வப்போது அழியுங்கள், தானாக அழியும்படி காலக்கெடுவும் வையுங்கள். எக்கோவில் மைக் பொத்தானை அழுத்தினால் சிவப்பு ஒளி வரும். கூகுள் நெஸ்டில் (கூகுள் ஹோம் வரிசைக்குப் பின்னாளில் வந்த பெயர்) சிறிய தள்ளு சுவிட்ச் இருக்கிறது, ஒளி ஆரஞ்சாகும். ஹோம்பாடில் அப்படித் தனிப் பொத்தான் கிடையாது; குரலாலோ செயலியாலோதான் நிறுத்த வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குரல்வழிக் கொள்முதலை முதல் நாளே அணைத்துவிடுங்கள். கதவுப் பூட்டுக்குக் குரல் கட்டளை கொடுப்பதாக இருந்தால் ரகசிய எண் (PIN) இல்லாமல் வேண்டாம்.

பதில் வராதபோது

ஒளி எரிந்தும் பேச்சு இல்லையென்றால் ஒலியளவையும் இணையத்தையும் பாருங்கள். கூப்பிட்டும் வழக்கமான ஒளி வரவில்லையென்றால் மைக் மூடியிருக்கலாம்; ஒளி வந்து அணைந்துவிட்டால், அழைப்புச் சொல்லுக்கும் கட்டளைக்கும் நடுவே நீங்கள் நீளமாக யோசித்திருக்கலாம். என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவுசெய்துகொண்டு அதன்பின் கூப்பிடுங்கள். ‘கருவி பதிலளிக்கவில்லை’ என்று ஸ்பீக்கர் வருத்தப்பட்டால் ரவுட்டரை அணைத்துப் போடும் முன், ரீசெட் பொத்தானைத் தேடும் முன், போய் அந்தச் சுவர் சுவிட்சைப் பாருங்கள். யாரோ அணைத்திருப்பார்கள்.