மதுரை வெயிலில் புருக்மான்சியா: விதையிலிருந்து செடி வளர்க்கும் முறை

கொடைக்கானல் போய் வருகிறவர்கள் பலரும் இந்தப் பூவைப் படமெடுத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். சாலையோரப் பள்ளத்திலும் ஓடைக் கரையிலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் செடி. அதில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூக்கள். பொழுது சாய்ந்தால் வாசனை தூக்கும். நர்சரிக்காரர்கள் ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட் என்பார்கள், தாவரவியல் பெயர் புருக்மான்சியா. இது மதுரையில் வருமா என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. வரும். எந்த வகை, எந்த மாதம் என்ற இரண்டையும் சரியாகப் பிடித்துவிட்டால் மொட்டைமாடியிலேயே வளர்க்கலாம்.

தென் அமெரிக்கா, அதிலும் பெரும்பாலும் ஆண்டிஸ் மலைப்பக்கம், இதன் சொந்த ஊர். மொத்தம் 7 இனங்கள். ஏழுமே காட்டில் அழிந்துவிட்டன என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியிருக்கிறது. இன்று உலகில் இருக்கும் புருக்மான்சியா எல்லாம் மனிதர்கள் வளர்த்ததும் அங்கிருந்து பரவியதும்தான். எனக்கு இந்தச் செடி மேல் இவ்வளவு பிரியம் வர அதுவும் ஒரு காரணம்.

முதலில் நஞ்சு

விதையைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள். புருக்மான்சியா ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். இலை, பூ, தண்டு, வேர், விதை என்று எல்லாமே நஞ்சு. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபோலமைன் வகை நஞ்சுகள்தான் இதிலும் இருக்கின்றன. தின்றால் வாய் வறளும், கண்ணின் பாப்பா விரியும், உடம்பு சூடேறும், ஆள் உளற ஆரம்பிப்பார். உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே கையுறை போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் பாப்பா விரிந்து பார்வை மங்கும். விதை ஊறவைக்கச் சமையலறைக் கிண்ணத்தை எடுக்காதீர்கள், இதற்கென்று ஒரு பழைய டப்பாவை ஒதுக்கிவிடுங்கள். தவழும் குழந்தையோ, கண்டதையும் வாயில் வைக்கும் வயதில் பிள்ளையோ வீட்டில் இருந்தால், பிள்ளை வளரும்வரை இந்தச் செடி வேண்டாம் என்பது என் கருத்து. ஆடு, மாடு எட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது. யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் "ஊமத்தை வகைச் செடி" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார். செடியின் படத்தையும் காட்டுங்கள்.

எந்த விதை?

இந்த ஏழு இனங்களில் குளிர் கேட்பவை உண்டு, வெதுவெதுப்பில் வளர்பவை உண்டு. சிவப்புப் பூ பூக்கும் சாங்குவினியா படத்தில் அள்ளிக்கொண்டு போகும், மதுரைக்குச் சரிப்படாது. அது உயரமான குளிர்மலைச் செடி. அதன் விதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடைக்கானலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சுவாவியோலன்ஸ் இனமும் அதன் கலப்புகளும்தான். இங்கே நிழலில் வளரும், கோடையில் கொஞ்சம் தவிக்கும். நம் ஊருக்கு நான் முதலில் சொல்வது வெர்சிகலர். ஈக்வடார் நாட்டின் தாழ்வான, வெப்பமான பகுதியைச் சேர்ந்தது. பூ ஒரு அடிக்கு மேல் நீளும். வெள்ளையாக விரிந்து, பிறகு பீச் நிறத்துக்கு மாறும்.

விதை வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பெயரில் ஊமத்தை விதையையே தள்ளிவிடுவது சகஜம். ஊமத்தை விதை சிறியது, தட்டையானது, காது வடிவில் இருக்கும். புருக்மான்சியா விதை அதைவிட நன்றாகப் பெரியது. மூலை மூலையாக, வெளியே தடித்த தக்கை போன்ற தோலோடு இருக்கும். காயைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஊமத்தைக் காயில் முள் அல்லது புடைப்பு இருக்கும், புருக்மான்சியா காய் வழவழப்பாக இருக்கும். ஊமத்தைப் பூ நிமிர்ந்தோ சாய்ந்தோ நிற்கும், இது தொங்கும்.

சரி, மலையில் அத்தனை செடி இருக்கிறதே, காய் ஏன் கண்ணில் படுவதில்லை? பெரும்பாலான புருக்மான்சியா தன் மகரந்தத்தாலேயே தான் காய் பிடிக்காது. ஒரே செடியிலிருந்து குச்சி வெட்டி வெட்டி நட்ட கூட்டத்தில் எல்லாம் ஒரே செடிதான், அதனால் காய் அரிது. இரண்டு வேறு செடிகள் சேர்ந்தால்தான் விதை. அதனால் விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே இருக்காது. பூவின் நிறமும் வடிவமும் எப்படி வரும் என்று பூக்கும்வரை யாருக்கும் தெரியாது. குறிப்பிட்ட நிறம்தான் வேண்டும் என்றால் குச்சி வாங்கி நடுங்கள். எனக்கு அந்தத் தெரியாமைதான் விதை போடுவதில் உள்ள சுகமே.

எப்போது போடுவது?

திருக்கார்த்திகை முடிந்த கையோடு போடுங்கள். தை பிறக்கும்வரை போடலாம். வெளிநாட்டுக் குறிப்புகளில் விதைத்தட்டுக்கு அடியில் வெப்பப் பாய் வைக்கச் சொல்வார்கள். நமக்கு அது வேண்டியதில்லை. அந்த மாதங்களில் மதுரையில் பகல் 30 டிகிரியை ஒட்டியும் இரவு 20 டிகிரிக்குச் சற்று மேலும் இருக்கும். இந்த விதை முளைக்க அதுவே போதும். முக்கியமான லாபம் வேறு: மார்கழி, தை, மாசி, பங்குனி என்று கன்று வேர் பிடிக்க நாலு மாதம் கிடைக்கிறது. அப்புறம்தான் சித்திரை வெயில். மாசிக்குப் பிறகு விதைத்தால் இரண்டு இலைக் கன்று அக்னி நட்சத்திரத்தைச் சந்திக்க வேண்டிவரும். அது தாங்காது.

ஊறவைத்தல், தோல் நீக்கல்

வெதுவெதுப்பான நீரில் 24 மணி நேரம் ஊறவிடுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் நல்லது. காய்கறி விதையில் மிதப்பதை அள்ளிக் கொட்டும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அதைச் செய்யாதீர்கள். தக்கைத் தோல் இருப்பதால் நல்ல விதையும் மிதக்கும்.

ஊறியபின் தக்கையை உரித்துவிட்டால் முளைப்பு சீக்கிரம் வரும். விதையை இரண்டு விரலால் பிடித்து, கூரான ஓரத்தில் நகத்தால் மெல்ல அழுத்துங்கள். தக்கை ஈரத்தில் மெத்தென்று ஆகியிருக்கும், ஊறிய வேர்க்கடலைத் தோல் போல ஒரு பக்கம் பிரிந்து கழன்று வரும். உள்ளே பழுப்பு நிறத்தில், நாம் பார்த்த விதையில் பாதி அளவுகூட இல்லாத சின்ன விதை இருக்கும். விதைக்க வேண்டியது அதுதான். நகம் அதில் பட்டு வெட்டக் கூடாது. சில விதைகளில் தக்கை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வற்புறுத்தாமல் அப்படியே போடுங்கள், தாமதமாக முளைக்கும், அவ்வளவுதான். உரித்த விதை ஈரம் மிஞ்சினால் சட்டென்று அழுகும். அதனால் பாதியை உரித்தும் பாதியை உரிக்காமலும் போடுவதே புதியவர்களுக்கு நல்லது.

விதைப்பு

குழித்தட்டு இருந்தால் அது. இல்லாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப் போதும். ஒரு குழிக்கு ஒரு விதை. கலவைக்குத் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் அல்லது பெர்லைட் (நீர் வடியச் சேர்க்கும் லேசான வெள்ளைக் குருணை) ஒரு பங்கு. நார்க்கழிவைக் கோகோபீட் கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். தோட்டத்து மண்ணை நேராக அள்ளிப் போட வேண்டாம். மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் களிமண் கலந்த இறுகும் மண். நீர் வடியாது, நாற்றழுகல் நோயும் கூடவே வரும். கலவையில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கொஞ்சம் சேர்த்தால் அந்த நோய்க்கு நல்ல தடுப்பு. உரக்கடைகளிலேயே கிடைக்கும்.

ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து மூடி, தண்ணீரைத் தெளியுங்கள். மேலே ஓட்டை போட்ட பாலித்தீன் உறை. நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமான இடம்: சன்னல் ஓரமோ, சன்ஷேடுக்குக் கீழோ. மழைச் சாரலும் அடிக்கக் கூடாது. கலவையைக் கையில் எடுத்துப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

இனிப் பொறுமை. சில விதை இரண்டு வாரத்தில் எட்டிப் பார்க்கும், சில ஒரு மாதம் எடுக்கும், பழைய விதையானால் இரண்டு மாதம்கூட ஆகும். ஒரே காயில் எடுத்த விதைகளே ஒன்றாக முளைக்காது. தோண்டிப் பார்க்காதீர்கள். முளைக்கும்போது தண்டு வளைந்து வெளியே வரும், பிறகு நிமிரும். விதைத்தோல் இலை நுனியில் மாட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மாலைவரை விடுங்கள், தானே கழலும். முளைத்த அன்றே பாலித்தீனை எடுத்துவிடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் தண்டு மண்ணை ஒட்டி இளைத்து, கன்று சாய்ந்துவிடும்.

கன்றை இடம் மாற்றுதல்

முதலில் வரும் இரண்டு ஒடுங்கிய இலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகு நாலு அகன்ற இலை வந்ததும் சின்னத் தொட்டிக்கு மாற்றலாம். அங்கிருந்து நடுத்தரத் தொட்டி, பிறகு 15 அங்குல க்ரோ பேக் என்று படிப்படியாகப் போங்கள். சின்னக் கன்றை ஒரேயடியாகப் பெரிய பையில் வைத்தால் வேர் குடிக்காத தண்ணீர் மண்ணிலேயே தங்கி அழுகலைக் கொண்டுவரும். பெரிய பைக்குச் செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் சம பங்கு, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு.

தண்ணீர் பற்றி மதுரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கும் போர் தண்ணீர்தான், பல பகுதிகளில் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரையே விட்டுக்கொண்டிருந்தால் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை மஞ்சளாகும், மண்ணில் இருக்கும் இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாமல் போவதால் வருவது. முடிந்தவரை மழைநீரைப் பிடித்து வைத்துக் கன்றுகளுக்குக் கொடுங்கள். அவ்வப்போது அடியில் வழிந்தோடும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

சித்திரையைத் தாண்டுவது

பங்குனி முடிவில் கன்று ஒன்றரை அடி வந்திருந்தாலே நல்ல வளர்ச்சி. அப்போதே 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே அல்லது கிழக்குப் பார்த்த சுவரோரம் கொண்டுபோய்விடுங்கள். காலை வெயில் போதும். சிமெண்டுத் தளத்தில் பையை நேராக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள், தளத்துச் சூடு வேருக்கு ஏறாது. மண் மேல் காய்ந்த இலை மூடாக்கு.

மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிக் கிடக்கும். பதறி வாளியை எடுக்காதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால், அகன்ற இலை விடும் நீருக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல் துவண்டிருக்கிறது. சாயங்காலம் தானே நிமிரும். காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்: மண் காய்ந்திருக்கிறது, அல்லது வேர் அழுகியிருக்கிறது. வெயில் நாளில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும்.

பசியும் அதிகம் உள்ள செடி. வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம், அல்லது பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. கன்று பருவத்தில் இதில் பாதி.

கோடையில் இலைக்கு அடியில் செம்பேன் வரும். இலை மேல் ஊசிப் புள்ளிகளாக வெளுத்தால் திருப்பிப் பாருங்கள். தண்ணீரை அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு கலக்கி மாலையில் அடியுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. மாவுப்பூச்சியைத் துணியால் துடைத்து எடுங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் இந்த அகன்ற இலைச் செடிக்கு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டுவது அவசியம்.

கிளை பிரியும் இடம்

கன்று நேராக ஒற்றைத் தண்டாகவே வளர்ந்துகொண்டு போகும். புதர்போல வரட்டும் என்று நுனியைக் கிள்ளிவிடாதீர்கள். மூன்று, நாலு அடிக்கு மேல் போனபின் தண்டு ஒருநாள் கவட்டை போல இரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டையிலும் அதற்கு மேலும்தான் பூ. இலையிலேயே வித்தியாசம் காணலாம்: கவட்டைக்குக் கீழே உள்ள இலையில் காம்பைச் சேரும் இடம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும், மேலே வரும் இலையில் ஒரு பக்கம் இறங்கியும் ஒரு பக்கம் ஏறியும் இருக்கும். அப்படி ஒரு இலையைப் பார்த்துவிட்டால் செடி பூக்கும் வயதுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். விதை போட்டதிலிருந்து இதற்கு ஒன்று, இரண்டு வருடம் ஆகும். மதுரையில் இரவு குளிரத் தொடங்கும் மாதங்களில்தான் பூ நன்றாக எடுக்கும். கோடையில் மொட்டு உதிர்ந்தால் செடி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கவாத்து செய்யும்போதும் கவட்டைக்கு மேலேயே வெட்டுங்கள். கீழே வெட்டினால் செடி மறுபடி ஒற்றைத் தண்டிலிருந்து தொடங்கும், பூ தள்ளிப்போகும். வெட்டிய மேல் குச்சிகளை ஒரு சாண் அளவில் நறுக்கி நட்டால் வேர் பிடிக்கும், அவை விதைக் கன்றைவிடச் சீக்கிரம் பூக்கும். மிச்சம் இருக்கும் இலை, தழையைத் தெருமுனைக் குப்பையில் போடாதீர்கள், அங்கே ஆடும் மாடும் மேயும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.