தடம் பார்க்கப் பழகுவதும் பரீட்சை வைத்துக்கொள்வதும்

தடம் பார்க்கக் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே புலித்தடம் கேட்பார்கள். நான் கூட்டிப்போவது தெருநாய் நடந்த ஈர மண்ணுக்கு. நாய், பூனை, ஆடு, கீரி, மயில் இவற்றைச் சந்தேகமில்லாமல் சொல்ல வரட்டும், மற்றதெல்லாம் அப்புறம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றமும்கூட. வயல் வரப்பும் வற்றிய ஏரியும் ஓடை மணலும் ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

காலையில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கிற மாதிரி நில்லுங்கள். சாய்வெயிலில் விளிம்பு நிழல் கட்டி, பள்ளம் தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே இடம் வெறும் மண்தான்.

எனக்குக் கற்றுத்தந்தவர் சத்தியமங்கலம் பக்கத்து இருளர் பெரியவர், வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். தடத்தைக் கண்டால் குந்திவிடுவார். விரல் வைக்கமாட்டார். குச்சியால் சுற்றிலும் வட்டம் போட்டு, "சொல்லு" என்பார். சிறுத்தை என்று சொன்னால் விடமாட்டார். "எதை வச்சு?" அந்தக் கேள்விதான் பாடம். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் நகக்குறி சாதாரணமாக விழாது. விரல்களுக்குப் பின்னால் உள்ள பெரிய சதைப்பகுதியான மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு தெரியும், நான்கு விரலில் ஒன்று சற்றே முந்தி நிற்கும். நாய்க்கு நகம் பதியும், நடுவிரல் இரண்டும் சமமாக நிற்கும். கழுதைப்புலிக்கும் நகம் பதியும், ஆனால் முன்கால் பின்காலைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிது. கரடிக்கு ஐந்து விரலும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கும், நகக்குறி விரலை விட்டுத் தள்ளி விழும். யானையின் முன்கால் தடம் வட்டம், பின்கால் நீள்வட்டம். முன்கால் தடத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்து இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய தோள் உயரம் வந்துவிடும்.

ஒற்றைத் தடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள், நடையே பாதியைச் சொல்லிவிடும். முயல் தாவும்போது பின்கால்கள் முன்கால்களுக்கும் முன்னே விழும். இது புரியாமல் முயல் போன திசையைத் தலைகீழாகச் சொல்பவர்கள் நிறையப் பேர்.

தடத்தின் வயதைப் பழக ஒரே வழி, பக்கத்தில் உங்கள் காலை அழுத்தி வைத்துவிட்டு மாலையும் மறுநாளும் வந்து ஒப்பிடுவது. மேலே பனித்துளிப் புள்ளி விழுந்திருக்கிறதா, உள்ளே குழியானைப் பூச்சி குழி தோண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தடம் அதற்கு முந்தியது.

சரி, தகுதிச் சான்று? எனக்குப் பிடித்த முறை தென்னாப்பிரிக்காவில் லூயிஸ் லீபன்பெர்க் 1994-இல் தொடங்கிய சைபர்டிராக்கர் தேர்வு. எழுத்துத் தேர்வு கிடையாது. தேர்வாளர் காட்டில் தடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் கேட்பார், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். எளிய கேள்விக்குச் சரியாகச் சொன்னால் 1 மதிப்பெண், தவறினால் 3 பிழை. கடினமானதற்குச் சரியென்றால் 2, தவறினால் 2 பிழை. மிகக் கடினமானதற்குச் சரியென்றால் 3, தவறினால் 1 பிழைதான். தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் போவதற்கே பெரிய அடி. 70 சதவீதத்தில் முதல் நிலை, 80-இலும் 90-இலும் அடுத்தடுத்த நிலைகள், நூற்றுக்கு நூறு வாங்கினால் தொழில்முறை நிலை. விலங்கைத் தொடர்ந்து போய்க் கண்டுபிடிப்பதற்குத் தனித் தேர்வு உண்டு.

இதை நாம் ஊரிலேயே நடத்திப் பார்க்கலாம், நாங்கள் நடத்துகிறோம். நன்றாகத் தெரிந்த ஒருவர் முதல்நாளே சுற்றிப் பார்த்து வட்டம் போட்டு வைப்பார். மற்றவர்கள் அவர் காதில் மட்டும் பதில் சொல்வார்கள். எல்லோரும் முடித்த பிறகுதான் விடை. அந்த இடத்திலேயே காரணத்தோடு விவாதம் நடக்கும், உண்மையில் நாம் கற்றுக்கொள்வது அப்போதுதான்.

புலித்தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் பழைய முறை கைவிடப்பட்டது, இப்போது தானியங்கிக் கேமராதான். ஆனாலும் நான்கு ஆண்டுக்கொருமுறை நடக்கும் கணக்கெடுப்பின் முதல் கட்டத்தில் இன்றும் பீட் பீட்டாக (ஒரு காவலர் பொறுப்பிலுள்ள காட்டுப் பகுதி ஒரு பீட்) நடந்து தடமும் எச்சமும் பதிகிறார்கள். வனத்துறை அனுமதியோடு காவலர்களுடன் நடக்க வாய்ப்புக் கிடைத்தால் முன்னால் போகாதீர்கள். அவர்கள் நின்றால் நில்லுங்கள். யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தால் அன்றைய பாடம் அங்கேயே முடிந்தது, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.