மலையிலிருந்து கடற்கரைக்கு ஜோடியாக நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைப் பாதையில் முதுகுப்பையுடன் வரும் ஜோடி புதியவர்களா, பழகியவர்களா என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். புதியவர்கள் என்றால் ஒருவர் முன்னால் வருவார், மற்றவர் இரண்டு வளைவு தள்ளி வருவார். நானும் என் மனைவியும் ஆரம்பத்தில் இப்படித்தான் நடந்தோம். இன்றும் அதையே பார்க்கும்போது நிறுத்திச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. புது ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள், ஜீன்ஸ் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விடுகிறேன்.

பாரத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது

ஆளுக்கு 12 கிலோ என்றால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 80 கிலோ உடம்புக்கு அது எடையில் 15 சதவீதம், 50 கிலோ உடம்புக்கு 24 சதவீதம். அதே 24 கிலோவை 15, 9 என்று பிரித்துப் பாருங்கள், இருவருக்குமே 18, 19 சதவீதத்தில் நிற்கும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

முன்னால் போய்க் காத்திருப்பது

எனக்கு இன்னமும் ஆத்திரம் வரவழைக்கும் தவறு இதுதான். வேகமாக நடப்பவர் முன்னால் போய் ஒரு பாறையில் உட்காருவார். தண்ணீர் குடிப்பார், நாலு போட்டோ எடுப்பார். பத்து நிமிடம் கழித்து மற்றவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வார். "வந்துட்டியா? சரி, கிளம்பலாமா?" என்று இவர் எழுந்து பையை மாட்டுவார். ஓய்வு தேவைப்படாதவருக்கு நாள் முழுக்க ஓய்வு. தேவைப்பட்டவருக்கு ஒன்றுகூட இல்லை. இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வியர்த்த உடம்போடு காற்றில் உட்கார்ந்திருந்தவருக்குக் குளிர ஆரம்பித்திருக்கும், அதனால் அவருக்கு அவசரம். சாயங்காலம் வரும் சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

சண்டையோடு போனால் பரவாயில்லை. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். 2,500 மீட்டரைத் தாண்டியதுமே சிலருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை வரும். எப்போதும் பின்னால் வருபவர் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஏற்கெனவே நம்மால்தான் தாமதம், இதையும் சொன்னால் பயணமே கெட்டுவிடும் என்று நினைப்பார்.

உயரமான ஒரு கணவாய்க்குக் கீழே, ஒரு தங்குமிடத்தில் இதை நேரில் பார்த்தோம். கணவர் முதலில் வந்து சூப் குடித்து முடித்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மனைவி வந்தார், சாப்பாட்டைத் தொடவில்லை. "சும்மா களைப்புதான்" என்றார் அந்தப் பெண். "அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் டைம் எடுக்கும்" என்றார் கணவர். என் மனைவிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தரைப் பலகையின் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடுகிற மாதிரி நேராக நடந்து வரச் சொன்னாள். மூன்றாவது அடியில் அந்தப் பெண்ணின் கை சுவரைப் பிடித்தது.

அந்த உயரத்தில் தள்ளாட்டம் என்றால் களைப்பு என்று விட்டுவிட முடியாது. மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்குவதன் அறிகுறி அது. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. ஆக்சிஜனோ மாத்திரையோ இருந்தால் கொடுக்கலாம், ஆனால் உண்மையான வைத்தியம் கீழே இறங்குவதுதான். டார்ச் வெளிச்சத்தில் இருபுறமும் தாங்கிப் பிடித்து அன்றிரவே இறக்கினோம். அந்தப் பெண் தேறிவிட்டார். கடற்கரை வரை போட்டிருந்த மீதித் திட்டம், கட்டிய பணம் எல்லாம் போனது. எனக்கு ஆறாதது என்னவென்றால், மதியத்திலிருந்தே கால் பின்னியிருக்கும். கணவர் பின்னால் நடந்திருந்தால் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமானவர் இரண்டடி பின்னால். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஓய்வு நேரத்தை இரண்டாவது பை தரையில் இறங்கியதிலிருந்துதான் கணக்கிட வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். தினமும் சாயங்காலம் "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். தலை வலிக்கிறதா, சாப்பாடு இறங்கியதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

எல்லாமே ஒருவர் பையில்

தண்ணீர், டார்ச், விசில், மழைக்கோட்டு, மேப், கொஞ்சம் தின்பண்டம் ஆளுக்கு ஒரு செட்.

இறக்கத்தை ஓய்வு என்று நினைப்பது

இறங்கும்போது தொடைத் தசைகள் ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். ஆகவே பெரிய இறக்கத்துக்கு அடுத்த நாள் நீண்ட நடை வைக்காதீர்கள். ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துவிடும். கைத்தடியை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள்.

கீழே வந்ததும் வேகம் கூட்டுவது

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி மாறும். 3,000 மீட்டரிலிருந்து கடல்மட்டத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட 20 டிகிரி கூடுதல். மூச்சு தாராளமாக வருவதால் பறக்கலாம் போலிருக்கும், ஆனால் உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். மலையில் முன்னால் பாய்ந்தவரே இங்கே திணறலாம். பெரிய உடம்பு சூட்டை வெளியேற்றச் சிரமப்படும், அதிகப் பாரமும் அவர் முதுகில்தானே இருக்கிறது. யார் முன்னால் நடப்பது, யார் எவ்வளவு சுமப்பது என்று கடற்கரையில் புதிதாக முடிவு செய்யுங்கள்.

அப்புறம், இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் ஈரக்காற்றில் நனைந்து கட்டிப்போகும். மதிய ஓய்வில் பிரித்துக் காயப்போடுங்கள்.

காய்ந்த மணல் என்று நம்பி டென்ட் போடுவது

கடற்பாசியும் குச்சிகளும் ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் மேலே ஏறும்.

முகத்துவாரத்தை நேற்றைய நேரத்தில் கடப்பது

பெரும்பாலான கரைகளில் கடல் வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தந்த நாளின் அட்டவணையைப் பார்த்து, வற்றியிருக்கும்போது மட்டும் இறங்குங்கள். இறங்கும் முன் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றிவிடுங்கள், தடுமாறி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும்.